புரூப் தாளின் பின்பக்கம்

கல்வெட்டுப் புரூப் தாள்களைக் கச்சான் கடலை சுருட்டி விற்கிறவருக்குக் கொடுப்பதை நாங்கள் நிறுத்தியது ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு. வெள்ளவத்தைக் கடற்கரையில், தண்டவாளத்துக்குப் பக்கத்தில், கச்சான் வாங்கிய ஒரு பெண் சுருளைப் பிரித்தபோது உள்ளே தன் தகப்பனின் படம் இருந்திருக்கிறது. மறுநாள் காலை அந்தத் தாளோடு கொட்டாஞ்சேனையில் எங்கள் கடைக்கு வந்தாள். சத்தம் போடவில்லை. கச்சான் தோல் ஒட்டியிருந்த தாளை மேசையில் விரித்து, இரண்டு கையாலும் தடவி மடிப்பை எடுத்துவிட்டு, "அப்பாவிலை உப்புப் பிரண்டிருக்கு" என்றாள். அதோடு போய்விட்டாள்.

அன்றிலிருந்து புரூப் தாள்களை வெளியே விடுவதில்லை என்று என்னோடு வேலை செய்த கௌரி சொன்னாள். ஒருபக்கம் வெறுமையாக இருந்தால் அந்தப் பக்கத்தில் கணக்கு, விலாசம், அடுத்த புரூப் என்று எதையாவது அச்சடிப்போம். இரண்டு பக்கமும் முடிந்த தாள்களை வருடக் கடைசியில் பின்வளவில் எண்ணெய்த் தகரத்துக்குள் போட்டு எரிப்பது என் வேலை.

கல்வெட்டு என்றால் எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கிற சின்னப் புத்தகம். தேவாரம், இறந்தவரின் வரலாறு, வம்சாவளி, பிள்ளைகளின் புலம்பல், நன்றி நவிலல். நானும் கௌரியும் பத்தொன்பது வருடம் அந்த வேலை செய்தோம். ஜம்பட்டா வீதியிலிருந்து பிரிகிற ஒழுங்கையில், றோட்டுக்கு இரண்டு படி கீழே ஒரு அறை. முன்னால் மணிக்கூடு திருத்துகிற ஒரு சிங்களவர். மழை நாளில் கழிவுநீர்க் கான் நிரம்பினால் முதற்படி நனையும், இரண்டாம் படி நனையாது. அச்சடிப்பது வேறிடம். எங்களுடையது எழுத்து மட்டும்.

நான் தட்டச்சு. கௌரி பிழை பார்ப்பாள். பார்ப்பது என்றால் கண்ணால் மட்டுமில்லை. உறவினர் எழுதித் தந்த கையெழுத்துப் பிரதியை அவள் சத்தமாக வாசிப்பாள், நான் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். "அன்னார் கமா காலஞ்சென்ற கந்தையா கமா தெய்வானை தம்பதிகளின் கனிஷ்ட புத்திரரும் கமா" என்று ஒரே தொனியில் போவாள். புள்ளி, கமா, அடைப்பு, புதுப் பந்தி எல்லாம் வாயால் வரும். பிள்ளைகளின் புலம்பலையும் அதே தொனியில்தான் வாசிப்பாள். "அழுதுகொண்டு வாசிச்சா ஒற்றுப்பிழை தெரியாது மலர்" என்பாள். என் பெயர் யோகமலர். என்னை மலர் என்று கூப்பிட்டவர்களில் பெரும்பாலானவர்கள் இப்போது இல்லை. என் கணவருக்கும் நாங்கள் இருவரும்தான் கல்வெட்டுச் செய்தோம். அன்றைக்கும் கௌரி தொனி மாறாமல்தான் வாசித்தாள்.

வெள்ளவத்தையிலிருந்து பஸ் எடுத்து, புறக்கோட்டையில் மாறி அவள் வந்துபோக வேண்டும். நேரம் போய்விட்டால் தன் போனில் வாசித்துப் பதிந்து வைத்துவிட்டுப் போவாள். நான் காதில் மாட்டிக்கொண்டு தனியே சரிபார்ப்பேன். அவளுடைய போனில் இடம் குறைவு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் குரல்களைக் கொம்பியூட்டருக்கு மாற்றிவிட்டுப் போனில் அழிப்பாள். கொம்பியூட்டரில் இருக்கிற எல்லாம் அதே வெள்ளிக்கிழமை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றுக்குப் போகும். அந்த டிஸ்க்கைத் துவாயில் சுற்றிக் கைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவாள். கடை எரிந்தாலும் வெள்ளவத்தையில் ஒன்று இருக்கும் என்பது அவளுடைய ஏற்பாடு.

அந்த டிஸ்க்குக்குப் பூட்டுப் போடவேண்டி வந்ததற்கு வேறொரு கல்வெட்டே காரணம். திருத்தக் கொடுத்த பழைய கொம்பியூட்டரிலிருந்து யாரோ ஒரு வரைவை எடுத்திருக்கிறார்கள். இறந்தவருடைய முதல் கலியாணத்தைப் பற்றி மூத்த தங்கை எழுதித் தந்து, பிறகு வீட்டார் வெட்டச் சொன்ன இரண்டு வரி அதில் இருந்தது. அந்த இரண்டு வரியும் கனடா வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. கௌரி அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து, இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

"ஆக்கள் எங்களை நம்பித்தான் உள்வீட்டுக் கதை எல்லாம் எழுதித் தருகினம்" என்றாள். "இனி எல்லாம் பூட்டித்தான் வைக்கோணும்."

ஒக்டோபர் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அதைச் செய்தோம். கைதடிப் பக்கத்துத் தபாலதிபர் ஒருவரின் கல்வெட்டை வாசித்து முடித்த கையோடு. நான் சந்திக் கடையில் வாங்கிய மீன் பணிஸ் இரண்டு கடதாசியில் இருந்தது. டிஸ்க் முழுவதையும் குறியாக்கம் செய்கிற வழியை ஆரணி, கௌரியின் மகள், மெல்பேணிலிருந்து படம் படமாக அனுப்பியிருந்தாள். அதைப் பார்த்துப் பார்த்துப் பொத்தான்களை அமர்த்தினோம். கடவுச்சொல் கேட்டது. நான் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டேன், அவள் அடித்தாள். பிறகு, கடவுச்சொல் மறந்தால் திறப்பதற்கு நாற்பத்தெட்டு இலக்கம் கொண்ட மீட்பு எண் ஒன்றைத் தந்து, அச்சடித்து வேறிடத்தில் வைக்கச் சொன்னது. அச்சடித்தோம். எங்கள் பிரிண்டரில் எப்போதும் இருப்பது புரூப் தாளின் வெறும் பக்கம்தானே. ஒரு பக்கத்தில் தபாலதிபரின் மருமக்கள், மறுபக்கத்தில் நாற்பத்தெட்டு இலக்கம்.

கடைக் கொம்பியூட்டரில் மாத்திரம் ஒவ்வொரு முறையும் கேட்காமல் தானாகத் திறக்கும்படி விட்டோம். அதனால் கடவுச்சொல்லை அதற்குப் பிறகு அவள் ஒருநாளும் அடிக்கவேண்டி வரவில்லை.

அந்தத் தாளை அவள் என்னிடம் தந்தாள். டிஸ்க்கும் எண்ணும் ஒரே பையில் போகக்கூடாது என்பது ஆரணியின் கட்டளை. கௌரியின் கணவர் சிவபாலன் செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு வருவார். சைவக்காரர், திருநீறும் பூசிக்கொண்டு வந்து மெழுகுதிரி கொளுத்துவார். போகும்போது எங்கள் கடையில் ஒரு பிளேன்டீ குடிப்பார். அவரிடம் தாளைக் கொடுக்கவேண்டும். வீட்டு உறுதிப் பத்திரத்தோடு அலுமாரியில் வைத்துக்கொள்வார். இதுதான் எனக்குச் சொன்ன வேலை.

நான் அதை மேசை இலாச்சியில், புரூப் கட்டின் மேல் வைத்தேன்.

அடுத்த செவ்வாய் அவர் வந்தார். தேத்தண்ணி குடித்தார். லண்டனிலிருந்து அவசரக் கல்வெட்டு ஒன்று, நான் தலை நிமிரவில்லை. அதற்கடுத்த செவ்வாய் அவர் போன பிறகு நினைவு வந்தது. அதற்கடுத்த செவ்வாய் நினைவே வரவில்லை. கட்டின் மேல் வேறு தாள்கள் ஏறின. டிசம்பர் முப்பதாம் திகதி இரண்டு பக்கமும் அச்சான தாள்களைப் பொறுக்கிக்கொண்டு போய்த் தகரத்துக்குள் போட்டேன். அதுவும் இரண்டு பக்கமும் அச்சான தாள்தான்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை சிவபாலன் பிளேன்டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தபோது எனக்கு அந்தத் தாள் நினைவு வந்தது. எழுந்துபோய் இலாச்சியை இழுத்துப் பார்த்தேன்.

"என்ன தேடுறியள் மலர்?" என்றார்.

"ஒண்டுமில்லை. கத்தரிக்கோல்."

கத்தரிக்கோல் மேசையில் அவருக்கு முன்னாலேயே இருந்தது. அவர் எடுத்து நீட்டினார்.

இன்னொரு பிரதி அச்சடிக்க ஐந்து நிமிடம் போதும். கொம்பியூட்டர் இருந்தது, டிஸ்க் வெள்ளிக்கிழமை வரும், கௌரி பக்கத்துக் கதிரையில் இருந்தாள். ஆனால் அச்சடிப்பதென்றால் அவளுக்குச் சொல்லவேண்டும். பத்தொன்பது வருடத்தில் அவள் என்னிடம் கையில் தந்து சொன்ன ஒரு சாமானை எரித்துவிட்டேன் என்று சொல்லவேண்டும். அடுத்த வெள்ளி சொல்லுவோம் என்று நினைத்தேன். ஜனவரி நடுப்பகுதி முதல் மே கடைசி வரை இருபது வெள்ளிக்கிழமைகள். நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

ஜூன் தொடக்கத்தில் கௌரிக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் டெங்கு என்றார்கள். மழை விடாமல் பெய்த கிழமை அது. நான் வைத்தியசாலை வாசலில் இளநீர்ப் போத்தலோடு நின்றபோது மணிக்கூட்டுக்காரர் போன் எடுத்தார். "அக்கே, கடேட வத்துர ஆவா" என்றார். கடைக்குள் தண்ணீர் வந்துவிட்டது. கொம்பியூட்டரின் பெட்டி நிலத்தில்தான் இருந்தது. அதைப் பிறகு திருத்துகிறவர்களும் கைவிட்டார்கள்; அதிலிருந்த குரல்களும், கேட்காமல் டிஸ்க்கைத் திறக்கிற வழியும் அதோடு போயின. இரண்டாம் படியும் நனைந்த ஒரே மழை அது. போய்ப் பார்க்க எனக்கு மனமும் இல்லை, நேரமும் இல்லை. ஆறாம் நாள் காலை கௌரி போய்விட்டாள்.

ஐம்பத்தெட்டு வயது. அவளுடைய வயதை நான் எத்தனையோ படிவங்களில் அடித்திருக்கிறேன். "அகவை" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அடித்தது அதுதான் முதல்தடவை.

செத்தவீடு முடிந்து எட்டாம் நாள் போல, வெள்ளவத்தை வீட்டில் சிவபாலன் அந்த டிஸ்க்கை எடுத்து மேசையில் வைத்தார். துவாய் சுற்றியபடியே இருந்தது. மூன்றாம் மாடி, இரண்டு அறை. யன்னலுக்கு வெளியே கடற்கரை ரயில் போனால் அலுமாரிக் கண்ணாடி அதிரும். ஆரணி வந்திருந்தாள். நான் காலையில் இடியப்பமும் சொதியும் கொண்டுபோயிருந்தேன், யாரும் தொடவில்லை.

"இதுக்குள்ளை அம்மான்ர குரல் எல்லாம் இருக்கு என்ன, மலரன்ரி" என்றாள் ஆரணி.

"ஓம். பத்து வருசத்து வாசிப்பு."

"என்னட்டை அம்மான்ர குரல் ஒண்டும் இல்லை. நான் போன் எடுப்பன், கதைப்பம், வைப்பம். மெசேஜ் எண்டா அவ எழுத்திலைதான் அனுப்புவா. ஒருநாளும் குரலிலை அனுப்பமாட்டா. குரல் மெசேஜிலை பிழை திருத்த ஏலாதாம்."

"வீடியோவிலையும் இல்லை" என்றார் சிவபாலன். "அவதானே எடுக்கிறது. பின்னுக்கு நிண்டு எல்லாரையும் சிரிக்கச் சொல்லிக் கையைக் காட்டுவா. வாய் திறக்கமாட்டா."

ஆரணி தன் மடிகணினியில் டிஸ்க்கைப் பொருத்தினாள். சின்ன நீல விளக்கு எரிந்தது. கடவுச்சொல் கேட்டது. அவள் தன் பெயரை அடித்தாள், பிறந்த திகதியை அடித்தாள், தகப்பனின் பெயரை, வீட்டு இலக்கத்தை, ஊர்க் கோயிலின் பெயரை. நான் பக்கத்தில் இருந்து என் பங்குக்குப் பார்த்தேன். எங்கள் தொழிலில் தமிழை அடிக்கிற விசை வேறு. தமிழ்ச் சொல்லை அந்த விசையில் அடித்தால் கடவுச்சொல் பெட்டியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக விழும். கௌரியின் கை அப்படித்தான் பழகியது. அந்த வழியிலும் அடித்தேன். முருகா, அம்மா, ஆரணி, கல்வெட்டு. பிழை, பிழை, பிழை. கடைசியாக, மீட்பு எண்ணைத் தரும்படி திரை கேட்டது.

"அந்த நம்பர் பிரிண்ட் எடுத்தனீங்கள்தானே?" என்றாள் ஆரணி. "நான் அம்மாக்குத் திருப்பித் திருப்பிச் சொன்னனான். அப்பாட்டக் குடுக்கச் சொல்லி."

"எனக்கு ஒரு தாளும் வரேல்லை பிள்ளை" என்றார் சிவபாலன்.

"அம்மா மறக்கிற ஆள் இல்லை. தந்திருப்பா. நீங்கள் பேப்பர் பாத்துக்கொண்டு ஓம் ஓம் எண்டிருப்பியள்."

அவர் எழும்பி அலுமாரியைத் திறந்தார். உறுதி, பென்சன் கடிதங்கள், ஆரணியின் பிறப்புச் சாட்சிப்பத்திரம், கலியாணப் பதிவு எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பினார். ஒவ்வொரு தாளாக எடுத்துப் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். இரண்டு ரயில் போயின. கடைசியில் கட்டில் ஓரத்தில் இருந்துகொண்டு சொன்னார்:

"தந்திருப்பா. நான் கவனிச்சிருக்கமாட்டன். முப்பத்திமூண்டு வருசம் அவ சொன்னதிலை பாதி எனக்குக் கேட்டிருக்காது."

நான் குசினி வாசலில் தேத்தண்ணிக் கோப்பை மூன்றோடு நின்றேன். அந்த இடத்தில் சொல்லியிருக்கவேண்டும். வாயில் சொல் இருந்தது. ஆரணி திரும்பி, "மலரன்ரி, நீங்கள் ஏதாவது கண்டனீங்களா?" என்றாள்.

"பிரிண்ட் எடுத்ததைக் கண்டனான்" என்றேன். "பிறகு கௌரி என்ன செய்தாவோ தெரியாது."

கோப்பைகளைக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார். இறந்தவள் தலையில் பழியின் பாதியையும் உயிரோடு இருக்கிறவர் தலையில் பாதியையும் வைத்துவிட்டு, நான் என் தேத்தண்ணியைக் குடித்தேன்.

பம்பலப்பிட்டியில் கொம்பியூட்டர் கடைகள் அடுக்கடுக்காக இருக்கிற கட்டடத்துக்கு டிஸ்க்கைக் கொண்டுபோனோம். ஷிஹான் என்று ஒருவர், முப்பது வயதிருக்கும், பிழைத்த டிஸ்க்குகளிலிருந்து படங்களை மீட்டுக் கொடுப்பதில் பெயர் எடுத்தவர். காதில் வைத்துக் கேட்டார், வயரைப் பொருத்திப் பார்த்தார்.

"சேர், ஹார்ட் டிஸ்க் நல்லா ஈக்கி. ஒண்டுமே ஆகல்ல" என்றார்.

சிவபாலனுடைய முகத்தைப் பார்க்க நான் தைரியப்படவில்லை.

"அப்ப திறக்கலாமோ தம்பி?"

"அதான் சேர் பிரச்சின. ஒடஞ்சி வந்தா நான் எப்பிடியாச்சும் எடுத்துத் தருவன். கீழ உழுந்து வரும், நாய் கடிச்சி வரும், எடுத்திருக்கன். இது ஒடையல்ல, பூட்டீக்கி. இதத் தொறக்க எனக்கு மட்டுமில்ல, ஒருத்தருக்கும் ஏலா. எவ்வளவு நல்லாப் பூட்டிப் போட்டீக்காங்க பாருங்க."

"அவ எதையும் வடிவாத்தான் செய்வா" என்றார் சிவபாலன். அதில் ஒரு பெருமை இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியாமல் நான் கைப்பையைத் திறந்து எதையோ தேடுவதுபோல நின்றேன்.

"அந்த நம்பர்த் தாள் வீட்டுல எங்கயாச்சும் ஈக்கும். ஊட்டம்மா மார் வெச்சா அரிசிப் பக்கெட்டுலயும் வெப்பாங்க. தேடிப் பாருங்க சேர். கெடச்சா ரெண்டு நிமிசம், சல்லியும் வாணா." வாசல்வரை வந்து டிஸ்க்கைத் துவாயில் திரும்பச் சுற்றித் தந்தார்.

அந்தக் கிழமை அவர் அரிசி வாளியைக் கொட்டித் தேடினார். சுவாமிப் படங்களின் பின்னட்டையைக் கழற்றினார். கௌரியின் சேலைகளை ஒவ்வொன்றாக விரித்து உதறினார். நான் கூடவே இருந்து சேலைகளைத் திரும்ப மடித்து வைத்தேன்.

கௌரிக்குக் கல்வெட்டுச் செய்யவேண்டும். ஆரணியின் மடிகணினியில் எங்கள் எழுத்துருவை ஏற்றி, அவர்களுடைய சாப்பாட்டு மேசையில் இருந்து தட்டினேன். பிரதியைச் சத்தமாக வாசிக்க ஆளில்லை. சிவபாலன் தான் வாசிப்பதாகச் சொன்னார்.

"அன்னார் காலஞ்சென்ற சின்னத்தம்பி பூரணம் தம்பதிகளின் அன்பு மகளும்" என்று தொடங்கினார்.

"கமாவும் சொல்லவேணும் அண்ணை."

"எங்கை?"

"அன்னார் எண்டதுக்குப் பிறகு. சின்னத்தம்பிக்குப் பிறகு."

"அன்னார் கமா" என்றார். "காலஞ்சென்ற சின்னத்தம்பி கமா." கொஞ்ச தூரம் போனார். "சிவபாலனின் பாசமிகு துணைவியும் கமா" என்று வந்த இடத்தில் நின்றார். தாளைக் கீழே வைத்தார். "இதை அவ எப்பிடி வாசிச்சிருப்பா மலர்? இந்த இடத்தை?"

"கமா சொல்லிப்போட்டு அடுத்ததுக்குப் போயிருப்பா."

"ஓம்" என்றார். சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஒருக்கா, ஒரேயொருக்கா அந்தக் குரலைக் கேட்டால் காணும் எனக்கு" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து, அட்டைக்குப் போட கௌரியின் படம் ஒன்று தேடி என் போனை அலசினேன். படங்களுக்குக் கீழே ஒரு குரல் பதிவு கிடந்தது. ஒக்டோபர், வெள்ளிக்கிழமை. நாற்பத்தொரு நிமிடம். அன்று நேரம் போய்விட்டதால், கௌரி தன் போனில் சார்ஜ் இல்லாமல் என்னுடையதை வாங்கி வாசித்துப் பதிந்திருக்கிறாள். நான் அதை மறந்தே போயிருந்தேன்.

சமையலறை வாங்குப்பலகையில் இருந்து கேட்டேன். தபாலதிபர். "பிறப்பிடம் கைதடி கமா வதிவிடம் வெள்ளவத்தை." அவளுடைய ஒரே தொனி. வெளியே கந்தசாமி கோயில் மணி அதற்குள் கேட்கிறது. முப்பத்தேழாவது நிமிடத்தில் "நன்றி நவிலல் முற்றுப்புள்ளி" என்றாள். நான் அழுது முடித்துவிட்டேன் என்று நினைத்தபோதும் பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் நிறுத்தவில்லை. மிச்ச நான்கு நிமிடமும் நாங்கள் டிஸ்க்கைப் பூட்டிய நான்கு நிமிடம்.

அதைக் கேட்டேன். ஒருதரம்தான் கேட்டேன். பிறகு, எனக்குத் தெரிந்த வேலைதானே, பதிவின் வாலை விரலால் இழுத்து, முற்றுப்புள்ளிக்குப் பிறகு வெட்டி, முப்பத்தேழு நிமிடத்தைத் தனிப் பிரதியாக வைத்தேன்.

அந்தியேட்டியன்று, ஐயர் போன பிறகு, சிவபாலனுக்கும் ஆரணிக்கும் அதைக் கொடுத்தேன். ஆரணி என்னைக் கட்டிப்பிடித்தாள். "உங்களை மாதிரி ஒரு சிநேகிதி அம்மாக்குக் கிடைச்சது" என்றாள், முடிக்கவில்லை. மண்டபத்தில் எல்லாருடைய கையிலும் கௌரியின் கல்வெட்டு இருந்தது. பந்தியில் எனக்குப் பக்கத்தில் இருந்த ஒருவர் வாழைக்காய்ப் பொரியலை ஒதுக்கி வைத்துக்கொண்டு, "எழுத்துப்பிழை ஒண்டும் இல்லை" என்று பாராட்டினார். நான் இலையை மூடிவிட்டு எழும்பினேன்.

ஆரணி திரும்பிப் போனாள். நான் கடையைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளவத்தைக்குப் போய்வருவேன். புட்டு, மரவள்ளிக் கறி, ஏதாவது. ஓகஸ்ட் கடைசியில் ஒரு பின்னேரம், வெயில் யன்னலால் மேசை முழுக்க விழுந்திருந்தது. அவர் புட்டைக் கிளறிக்கொண்டே தபாலதிபரைப் பற்றிக் கதைத்தார்.

"ஆறு பிள்ளையள் தெரியுமோ. மூண்டாவதுக்கு ஜேர்மனி. சைக்கிளிலை தபால் மூட்டை கொண்டுபோய் மழைக்குள்ளை விழுந்தவராம், கடிதம் ஒண்டும் நனையேல்லையாம். நல்ல மனிசனாத்தான் இருந்திருக்கிறார்."

"ஒவ்வொரு நாளும் கேக்கிறியளோ?"

"விடியப்புறம் தேத்தண்ணியோட. இப்ப எனக்குப் பாடம். அவவுக்கு முன்னாலை நான் கமா சொல்லுவன்." சிரித்தார். பிறகு புட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "ஒண்டு சொல்லட்டே மலர். குறையாச் சொல்லேல்லை. நீங்கள் தந்தது பெரிய காரியம். ஆனா முப்பத்தேழு நிமிசத்திலை ஒரு சொல்லும் அவவின்ர இல்லை. ஆரோ ஒருத்தற்ர பிள்ளையள், ஆரோ ஒருத்தற்ர மருமக்கள். ஒரு இடத்திலையாவது தன்ர வாயாலை ஏதாவது சொல்லமாட்டாவோ எண்டு பாத்துக்கொண்டிருப்பன். முற்றுப்புள்ளி எண்டுவா, அதோட நிண்டிடும்."

நான் போனைக் கைப்பையிலிருந்து எடுத்தேன். மீட்பு எண் தாளை நான்தான் எரித்தேன் என்று சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று ஞாபகமில்லை, வரிசையாகச் சொல்லவில்லை. தகரத்தைச் சொன்னேன், கத்தரிக்கோலைச் சொன்னேன், இருபது வெள்ளிக்கிழமையைச் சொன்னேன். நீங்கள் அலுமாரியைக் கொட்டித் தேடியபோது எனக்குத் தெரியும் என்றேன். பதிவு முப்பத்தேழு நிமிடம் இல்லை, நாற்பத்தொன்று என்றேன்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் ஒன்று போய் முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"போடுங்கோ" என்றார்.

முழுப் பதிவில், முற்றுப்புள்ளிக்குச் சற்று முன்னால் விரலை வைத்தேன்.

"நன்றி நவிலல் முற்றுப்புள்ளி. அப்பாடா. இஞ்சை, பணிஸ் ஆறுது, முதல்லை தின்." அது கௌரி. தொனி மாறியிருந்தது. கடதாசி சரசரத்தது. பிறகு என் குரல், என்ன கேட்கிறது என்று. "பாஸ்வேர்ட் கேக்குது. அங்காலை பார் கள்ளி." விசைகளின் சத்தம். பிரிண்டர் தாளை இழுத்த சத்தம். பிறகு கௌரி:

"ரெண்டும் ஒரே பையிலை போகக்கூடாதாம், உன்ர மருமகள் சட்டம் போட்டிருக்கிறாள். இது உன்னட்டை இருக்கட்டும். செவ்வாய் அவர் வருவார்தானே, குடு. மேசையிலை வையாதை, கையிலை குடு. அந்த மனிசன் கையிலை குடுத்த ஒண்டையும் இண்டுவரைக்கும் துலைச்சதில்லை மலர். காது கேக்காதமாதிரி இருக்கும். எல்லாம் கேக்கும். கலியாணம் கட்டின புதுசிலை பிடிச்சுக்கொள்ளுங்கோ எண்டு ஒரு பஸ் டிக்கட் குடுத்தனான், அதையும் வச்சிருக்குது விசரன்."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு பதிவு முடிகிறது.

வெயில் மேசையில் அப்படியே இருந்தது, புட்டில் ஒரு ஈ இருந்தது. நான் அதை விரட்டவில்லை.

"இது முதலே உங்களிட்டை இருந்ததோ?" என்றார்.

"ஓம்."

"அந்தியேட்டிக்கு முதல்?"

"ஓம் அண்ணை."

அவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கும் சொன்னதில்லை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வரச் சொன்னதும் இல்லை, வரவேண்டாம் என்றதும் இல்லை. நான் போகிறேன், கதவு திறக்கிறார். பூட்டிய டிஸ்க் துவாயோடு சுவாமித் தட்டில் இருக்கிறது.

அன்று அவர் கேட்டது ஒன்றுதான்.

"இன்னொருக்கா அந்தக் கடைசிப் பக்கம்" என்று சொல்லிக்கொண்டு கையை நீட்டினார்.

நான் போனை மேசையில் வைக்கவில்லை. கையில் கொடுத்தேன்.